உலகம் அழியா விழா

உலகம் அழியவில்லை என்பதைக் கொண்டாட ஆள் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று நெடுமாறனைக் கேட்டால் தெரியும். அழியப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள், தெருவே கூடிவிடும். அழியவில்லை என்று சொன்னால், அதுதான் தெரிகிறதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்து அந்த மனுஷர் இருபத்தைந்து வருஷமாக முத்தியால்பேட்டையில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பித்தது இரண்டாயிரம் பிறந்தபோது. அப்போது அவர் பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் இருந்தார். இரண்டாயிரத்தோடு எல்லாம் முடிந்தது என்று யாரோ நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போக, ஆலையில் பாதிப் பேர் இரவு ஷிஃப்டுக்கு வரவில்லை. மறுநாள் காலை நெடுமாறன் ஓர் அண்டா சுண்டலோடு ஆலை வாசலில் நின்றார். வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, உலகம் இருக்கிறதா இல்லையா, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அன்றைக்குப் பிறந்ததுதான் முத்தியால்பேட்டை பகுத்தறிவு மன்றம். ஆலையை அப்புறம் மூடிவிட்டார்கள். மன்றத்தை மூடத்தான் ஒருவராலும் முடியவில்லை.

எந்த மதத்துக்காரர், எந்த நாட்டுக்காரர் அழிவுக்குத் தேதி குறித்தாலும் நெடுமாறன் அதைத் தம் நோட்டில் எழுதிக்கொள்வார். தேதி வரும், போகும், விழா நடக்கும். நோட்டில் இதுவரை நாற்பத்து மூன்று தேதிகள். ஒரே வருஷத்தில் ஐந்து தேதி வந்து மணியம்மாள் கடலை ஊறவைத்து ஓய்ந்துபோனதும் உண்டு. மணியம்மாள் அவருடைய மனைவி, மன்றத்தின் பொருளாளர். கல்யாணத்தன்று, தன்னை 'ஏங்க' என்று கூப்பிடக் கூடாது, 'தோழர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டார். அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் கோபம் வந்தால் மட்டுமே அப்படிக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை தோழராகியிருக்கிறார்.

இவர்கள் இருவரையும் விட்டால் தலைவர் இராமதாஸ், ஆலையில் கூட வேலை பார்த்தவர். நாலாவது ஆள் போஸ்டர் அச்சடிக்கும் சிலம்பரசன். அவனை ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. மன்றத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: எதிராளி புளுகலாம், நாம் புளுகக் கூடாது. அறுபத்தேழு வயதுவரை நெடுமாறன் அந்த விதியை மீறியதில்லை. அவருடைய ஒரே சொத்து அதுதான். ஒரே ஆசை, வெள்ளி விழாவன்று மட்டுமாவது மண்டபம் நிறைந்து பார்த்துவிட வேண்டும் என்பது. போன விழாவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஆகவே இந்தத் தடவை சுண்டல் இல்லை, பிரியாணி என்று முடிவானது. இருநூறு நாற்காலி போடக்கூடிய நெசவாளர் மண்டபத்தைப் பிடிக்கப் போனார். மண்டப மேனேஜர் வெற்றிவேல் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கல்யாணம், காலியாக இருப்பது நவம்பர் பதினாறு ஞாயிறு மட்டுந்தான் என்றான். ஐப்பசி கடைசி நாள், தேய்பிறை, கல்யாணக்காரர்கள் தொடாத தேதி. மூடநம்பிக்கையின் தயவில் கிடைத்தது என்றாலும் நெடுமாறன் வாங்கிக்கொண்டார். பிரியாணி மாஸ்டருக்கும் சொல்லியாகிவிட்டது.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்தத் தேதியில் உலகம் அழியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மாதத்தில், ஏன், அந்த வருஷக் கடைசிவரைக்கும்கூட யாரும் எதுவும் சொல்லவில்லை.

தேதிப் பஞ்சம் என்று ஒன்று வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பவர் ஒருவரை மடக்கிக் கேட்டார். அவர் நோட்டீஸில் 'விரைவில்' என்றுதான் போட்டிருந்தது. நாளும் நாழிகையும் மனிதருக்குத் தெரியாது என்று அந்த மனிதர் அடக்கமாகச் சொன்னார். முன்பெல்லாம் நாளோடு போட்டவர்தான். லாஸ்பேட்டையில் ஒரு ஜோசியர், உலகத்துக்கு இப்போதுதான் நல்ல திசை ஆரம்பித்திருக்கிறது என்றார். ஆசிரமம் ஒன்றில் ஒரு சாமியார், அழிவு வெளியே இல்லை, உள்ளே என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நாற்பத்து மூன்று தடவை சுண்டல் தின்ற ஊரில் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டோமே என்று நெடுமாறனுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

கடைசியில் அவருக்குப் பச்சையம்மாள் ஞாபகம் வந்தது. கடலோரப் பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து அவர் தெருவில் விற்பவள், மணியம்மாளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். வெள்ளிக்கிழமையானால் அவள் மேல் அம்மன் இறங்கும். அவள் புருஷன் இருசப்பன் உடுக்கை அடிப்பான். காணாமல் போன தோடு, வராத மாப்பிள்ளை, கரை சேராத வலை என்று ஜனங்கள் வாக்குக் கேட்பார்கள். மீன் விற்கும்போது அவளிடம் நெடுமாறன் அதைப் பற்றிக் கிண்டல் பேசுவதும், அவள் சிரித்துக்கொண்டே மீனை நறுக்குவதும் வழக்கம். எனக்கு ஒண்ணும் நெனப்பிருக்காதுண்ணா, சொல்றது அவ, என்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மணியம்மாளிடம் சொல்லாமல் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். சின்னக் கோயில். முப்பது பேர் இருந்தார்கள். வரிசையில் நின்று, முறை வந்ததும், உலகம் அழியுமா என்று கேட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அங்கே யாரும் அவ்வளவு பொதுநலமாகக் கேள்வி கேட்டதில்லை.

"அழியும்டா மவனே. பொறந்தது எல்லாம் அழியும்" என்றது அம்மன்.

எப்போது என்று கேட்டார். நேரம் வரும்போது என்று பதில் வந்தது. நெடுமாறன் விடவில்லை. இந்த வருஷமா என்றார். பச்சையம்மாள் தலையைச் சுழற்றினாள். மழைக்காலத்திலா என்றார். உடுக்கை கொஞ்சம் வேகம் எடுத்தது. ஐப்பசியா, கார்த்திகையா என்றார். இருசப்பன், சாமியை இப்படியெல்லாம் நோண்டக் கூடாது என்று கண்ணால் சாடை காட்டினான். ஐப்பசி கடைசி ஞாயிறா என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த எலுமிச்சம்பழம் பறந்து வந்து அவர் மார்பில் பட்டுக் காலடியில் விழுந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கேள்விக்குப் பழம் வந்து மேலே விழுகிறதோ அந்தக் கேள்விக்கு உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். தொல்லை பொறுக்காமல் எறிந்திருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. நெடுமாறன் நோட்டை எடுத்து, நாற்பத்து நாலு என்று எண் போட்டுத் தேதியை எழுதினார். நான் பொய் சொல்லவில்லை, கேட்டேன், கிடைத்தது என்று வழியெல்லாம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்தார். உண்மையைத்தான் சொல்கிறோம் என்றால் அதை ஏன் அத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் சிலம்பரசன் ஆயிரம் போஸ்டர் ஒட்டினான். 'நவம்பர் 16 ஞாயிறு அன்று உலகம் அழியாது! அஞ்ச வேண்டாம்! வெள்ளி விழாவுக்கு வருக! மதியம் பிரியாணி உண்டு!' முத்தியால்பேட்டை முழுக்க, லாஸ்பேட்டை கல்லூரிச் சுவர்களில், வடக்கே பிள்ளைச்சாவடி பஸ் நிறுத்தம் வரைக்கும்.

அதுவரைக்கும் அந்தத் தேதி அந்த முப்பது பேருக்குத்தான் தெரியும். அவர்களிலும் பாதிப் பேர் தங்கள் தோட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நெடுமாறன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அழியாது என்று இவ்வளவு செலவு பண்ணி ஏன் சொல்கிறார்கள் என்று டீக்கடையில் ஆரம்பித்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஏறியபோது 'அழியாது' என்பதில் பின்பாதியைக் காணோம். லாஸ்பேட்டையில் ஒரு மாணவன் பதினேழாம் தேதிப் பரீட்சைக்குப் படிப்பதை நிறுத்தினான். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர் அல்வா கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சொல்தா, பாரிஸில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, இங்கே அழிந்தாலும் உனக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும், அதற்குள் சாப்பிட்டுவிடு என்று ஆறுதல் சொன்னார்.

தலைவர் இராமதாஸ் பன்னிரண்டாம் தேதி வந்து, திருவண்ணாமலையில் பேரனுக்குக் காதுகுத்து, விழாவுக்கு வரமுடியாது என்றார். பகுத்தறிவு மன்றத் தலைவர் காதுகுத்துக்குப் போகலாமா என்று நெடுமாறன் கேட்டார். மலைமேல் நடப்பதால் பரவாயில்லை, தண்ணீர் ஏறாது என்று அவர் சொல்லிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டே போனார்.

மணியம்மாளுக்கு விஷயம் அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. பச்சையம்மாள் பத்து நாளாகத் தெருப்பக்கம் வரவில்லை, போன் பண்ணினால் அழுகிறாள் என்றாள்.

"அந்தத் தேதி அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு, தோழர்?" என்று கேட்டாள்.

நெடுமாறன், உத்தரவு என்றார். பழம் என்றார். அப்புறம் நாற்காலிக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

பதினாறாம் தேதி விடிந்தபோது வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். உலகம் அழியாது என்று போட்டிருந்த போஸ்டர்களில் பாதி மழையில் கரைந்து சுவரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கு மண்டபத்தில் இருநூறு நாற்காலி, இரண்டு அண்டா பிரியாணி, நெடுமாறன், மணியம்மாள், சிலம்பரசன், வாடகையைப் பற்றிய கவலையில் வெற்றிவேல். நெடுமாறன் முதல் வரிசையில் உட்கார்ந்து மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருஷம் என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

பத்தரைக்கு வாசலில் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னும் மூன்று. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு பிள்ளைச்சாவடியே இறங்கியது. கிழவர்கள், கைக்குழந்தைகள், பாய், தலையணை, கூண்டில் இரண்டு கோழி. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேஷன் கார்டு. அவர்களைப் பார்த்து முத்தியால்பேட்டைக்காரர்களும் குடையோடு வர ஆரம்பித்தார்கள். கால்மணி நேரத்தில் உட்கார இடமில்லை. வெற்றிவேல் மாடியிலிருந்து பெஞ்சு இறக்கினான்.

நெடுமாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருசப்பன்தான் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினான். இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ தேதி வந்தது, நெடுமாறன் அண்ணன் விழா வைத்த தேதியில் ஒரு தடவைகூட உலகம் அழிந்ததில்லை, நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. அப்பேர்ப்பட்ட ராசியான மனுஷன் பக்கத்தில் இருப்பதுதான் இன்றைக்குப் பத்திரம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுத்து வந்திருக்கிறார்கள்.

இருநூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. நிறைத்தது நம்பிக்கைதான், அதுவும் அவர் பெயரில் உள்ள மூடநம்பிக்கை. மேடையேறி மைக்கைப் பிடித்தவர் முதல் வரிசையில் பச்சையம்மாளைப் பார்த்தார். எப்போதும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவையே அதட்டுகிறவள், மடியில் பேத்தியை இறுக்கிக்கொண்டு சுருங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் அன்புசெல்வி. பச்சையம்மாளின் கண் வீங்கியிருந்தது. நீ சொன்ன தேதிக்கு நீயே பயப்படலாமா என்று மேடையிலிருந்தே கேட்டார். நான் எங்கே சொன்னேன், அவள் சொன்னாள், அவள் சொன்னால் எனக்கும்தானே பயம் என்றாள் அவள். மூன்று வாரமாகத் தூக்கமில்லை என்றாள்.

எழுதிவைத்திருந்த ஒரு மணி நேரப் பேச்சை நெடுமாறன் மடித்துப் பையில் வைத்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"தேதி அம்மன் சொன்னது இல்ல. நான் சொன்னது. இந்த மண்டபம் அன்னிக்குத்தான் காலியா இருந்துச்சு. அவ சொல்றவரைக்கும் விடாம நான்தான் கேட்டேன்" என்றார்.

கூட்டம் வெற்றிவேலைத் திரும்பிப் பார்த்தது. அவன், கல்யாணக்காரர்கள் தேய்பிறையில் எடுக்கமாட்டார்கள், அதனால்தான் என்று முனகிக்கொண்டே அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றான்.

அடிக்க வருவார்கள் என்று நெடுமாறன் எதிர்பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படியென்றால் எப்போதுதான் அழியும் என்று அன்புசெல்வி கேட்டாள். தேதியே கிடையாது, யாருக்கும் தெரியாது, தெரியவும் முடியாது, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நெடுமாறன் குரலை உயர்த்திச் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகச் சொல்ல நினைத்த வாக்கியம் அது. கைத்தட்டல் வரும் என்று நின்றார்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கிழவர் ரேஷன் கார்டுப் பையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

பச்சையம்மாள் எழுந்து நின்றாள். "தேதி இருந்தா அந்த ஒரு நாளுதாண்ணா பயம். தேதி இல்லன்னா தெனைக்கும்ல பயப்படணும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னிக்கு எவரும் தேதி சொல்லல. ஞாயித்துக்கெழம, காலைல. மழகூட இல்ல. எம்புள்ள முத்துவேலு, ஒம்பது வயசு, மணல்ல பந்தாடப் போனான்."

எந்த அன்றைக்கு என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முத்தியால்பேட்டைக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நெடுமாறன் தம் நோட்டை நினைத்தார். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பருக்கு முன்னும் பின்னும் எழுதிய தேதிகள் அவருக்கு மனப்பாடம். அந்த இருபத்தாறு அதில் இல்லை. வராத நாட்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவருக்கு, வந்த நாளைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷம் அவள் கையால் மீன் வாங்கித் தின்றிருக்கிறார். அவளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தான் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்ணா. சும்மா ஒண்ணு சொல்லு. தள்ளிச் சொல்லு."

நெடுமாறன் மணியம்மாளைப் பார்த்தார். அவள் கரண்டியோடு நின்று, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்குச் சொன்னார். இரண்டாயிரத்து எழுபத்தைந்து என்றார்.

அன்புசெல்வி குழந்தையைப் பார்த்தாள். பாப்பாவுக்கு ஐம்பது வயதுதான் ஆகியிருக்கும், அது கட்டாது என்றாள். நெடுமாறன் இரண்டாயிரத்து நூறுக்கு ஏறினார். பாப்பாவின் பிள்ளைகள் என்ன பாவம் பண்ணினார்கள் என்று இருசப்பன் கேட்டான். நூற்றைம்பது என்றார். மீன்காரிகள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இதற்கு மேல் ஏற்றினால் எனக்கே அசிங்கமாக இருக்கும் என்றார் நெடுமாறன். உன்னுடையது என்ன குறைந்துபோகிறது, கை நீட்டிக் கொடு என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. பேரம் சூடுபிடித்தது. வெற்றிவேலும் ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தான், அதை யாரும் மதிக்கவில்லை.

"எரநூறு வச்சுக் குடுங்க தோழர், சோறு ஆறுது" என்றாள் மணியம்மாள்.

இரண்டாயிரத்து இருநூறு என்று படிந்தது. ஜனங்கள் மூச்சு விட்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் ரேஷன் கார்டைப் பைக்குள் போட்டார்கள். மாதமும் தேதியும் வேண்டும் என்று யாரோ கேட்க, அதையும் சொன்னார். ஒரு விதியைக் காத்து இருபத்தைந்து வருஷம் வாழ்ந்துவிட்டு அதை இப்படி இருநூறு பேருக்கு முன்னால் உடைத்தோமே என்று அவருக்கு வலித்தது. ஆனாலும் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, இன்னும் ஐம்பது வருஷம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் தோன்றியது.

பச்சையம்மாள் மட்டும் இன்னும் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம வோணாம்ணா" என்றாள்.

"புதன்" என்றார் நெடுமாறன். கணக்கெல்லாம் பார்க்கவில்லை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பந்திக்கு நடந்தாள்.